கரையோர வேடரும் கடல் கடந்து வந்த நோய்களும்

மட்டக்களப்பு வாவியின் வடபுறத்தில், முந்தனை ஆறு பாயும் தாழ்நிலத்தில் அமைந்த ஊர் சித்தாண்டி. அங்கிருந்து கிழக்கே கடலை நோக்கிப் போனால் களுவன்கேணி வரும். வடக்கே கிரானும் வாழைச்சேனையும் கடந்தால் காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணி, வாகரை, பால்ச்சேனை, கதிரவெளி என்று கரை நீண்டு செல்லும். வெருகல் ஆற்றுக்கு அப்பால் ஈச்சிலம்பற்றும் மூதூரும் உள்ளன. இந்தக் கரை நெடுகிலும் சிறு சிறு குடியிருப்புகளாக வாழ்பவர்கள் கரையோர வேடர். இலங்கையின் ஆதிக்குடிகளில் கடலை அண்டி வாழ்ந்த கிளையினர் இவர்களே. பேசுவது தமிழ். தொழில் வாவியிலும் கடலிலும் மீன்பிடி, காட்டில் தேனெடுப்பு, மழைக்காலத்தில் சேனைப்பயிர். தங்களை வேட வெள்ளாளர் என்று சொல்லிக்கொள்வோரும் இவர்களுள் உண்டு.

1845 முதல் 1850 வரை இலங்கை அரசின் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், 1859-இல் வெளியிட்ட தமது நூலில் வேடர்களைக் காட்டில் வாழ்வோர், ஊரில் வாழ்வோர், கரையில் வாழ்வோர் என்று பிரித்துக் காட்டினார். மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடைப்பட்ட கடலோரத்தில் மீன்பிடித்தும் சோனகருக்கு மரம் வெட்டிக் கொடுத்தும் பிழைப்பவர்கள் என்று மூன்றாம் பிரிவினரைக் குறித்தார். அரை நூற்றாண்டு கழித்து, 1907-08-இல் இலங்கையில் கள ஆய்வு செய்த செலிக்மன் தம்பதியர் தங்கள் நூலை 1911-இல் வெளியிட்டபோது, கரையோர வேடருக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கினர். அதன்பின் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் இம்மக்களின் மொழி மாற்றத்தையும் சடங்குகளையும் சாதி நிலையையுமே பேசின. அவர்கள் உடம்பில் வெளியுலகம் என்ன செய்தது என்ற கேள்வி ஓரமாகவே நின்றுவிட்டது. அதற்குரிய இடத்தைக் கொடுக்காமல் இக்கரையின் வரலாற்றை எழுத முடியாது.

உலகின் மற்றக் கரைகளில் நடந்ததை முதலில் பார்ப்பது பயன் தரும். வங்காள விரிகுடாவின் மறுபக்கத்தில் இருக்கும் அந்தமான் தீவுகளில் 1858-இல் ஆங்கிலேயர் கைதிகள் குடியிருப்பை நிறுவினர். அப்போது பெரிய அந்தமானியர் பல குழுக்களாகச் சேர்ந்து சில ஆயிரம் பேர் இருந்தனர். கைதிகளோடும் காவலரோடும் மேகநோய் புகுந்தது. 1877-இல் சின்னமுத்து புகுந்து தீவுகள் முழுவதும் ஓடியது. 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மிஞ்சியவர்கள் 625 பேர். 1931-இல் 90 பேர். 1961-இல் 19 பேர். வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் 1862-ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோவிலிருந்து வந்த ஒரு கப்பல் விக்டோரியா நகரில் பெரியம்மையை இறக்கிவிட்டுப் போனது. அந்நகரைச் சுற்றித் தங்கியிருந்த பழங்குடியினரை அதிகாரிகள் தோணிகளில் ஏற்றி ஊருக்கு விரட்டினர். அவர்களோடு நோயும் கரை நெடுகப் போனது. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த ஹைடா மக்கள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 600-க்கும் கீழே இறங்கியிருந்தனர்.

மட்டக்களப்புக் கரையில் இப்படி ஒரே வீச்சில் ஓர் இனம் அழியவில்லை. காரணம் எளிது. இலங்கை எந்தக் காலத்திலும் மூடிக்கிடந்த தீவு அல்ல. அரபு வணிகரும் சோழமண்டலக் கரைத் தோணிகளும் பல நூற்றாண்டுகளாக இங்கே வந்துபோயினர். அம்மையும் காய்ச்சலும் ஐரோப்பியர் வருமுன்னரே இத்தீவில் இருந்தன. கரையோர வேடர் தமிழ் ஊர்களோடும் சோனக ஊர்களோடும் மீனையும் தேனையும் மானிறைச்சியையும் பண்டமாற்றுச் செய்து வந்தவர்கள். அந்தமானியருக்கு 1858-க்குப் பின் திடீரென்று நேர்ந்த தொடர்பு, இவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சிறுகச் சிறுக நேர்ந்தது.

அதனால் பாதிப்பே இல்லை என்று முடிவு கட்டினால் அது பெரும் பிழையாகிவிடும். சிறிய, சிதறி வாழும் கூட்டங்களில் தொற்றுநோய் நடந்துகொள்ளும் விதம் வேறு. சின்னமுத்து ஓரிடத்தில் அறுபடாமல் தொடர்ந்து நிலைக்க வேண்டுமானால் அங்கே சில இலட்சம் மக்கள் நெருங்கி வாழவேண்டும். அப்போதுதான் ஆண்டுதோறும் பிறக்கும் குழந்தைகள் நோய்க்குப் புதிய ஆட்களாகக் கிடைப்பார்கள். நகரத்தில் அது குழந்தைப் பருவ நோய். சிறுவயதிலேயே வந்து, பிழைத்தவர்களுக்கு ஆயுள்காலக் காப்பைத் தந்துவிட்டுப் போகும். 50 அல்லது 100 பேர் வாழும் குடியிருப்பில் நோய் ஒருமுறை வந்து எல்லாரையும் தொட்டுத் தானே அணைந்துவிடும். பிறகு 15, 20 ஆண்டுகள் அந்தப் பக்கம் திரும்பாது. மறுபடி வரும்போது இடையில் பிறந்த அத்தனை பேரும் ஒரே வாரத்தில் படுத்துவிடுவார்கள். தாயும் தகப்பனும் பிள்ளையும் ஒன்றாகப் படுத்தால் தண்ணீர் மொண்டு கொடுக்கவும் ஆள் இராது. நோயால் நேரும் சாவோடு பசியாலும் தாகத்தாலும் நேரும் சாவும் சேர்ந்துவிடும். அந்தமானில் நடந்ததும் இதுதான். வாகரைக் கரையில் இதன் சிறிய வடிவங்கள், எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல், குடியிருப்புக் குடியிருப்பாக நடந்திருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

இதற்கு வேடர்கள் கையில் ஒரு காப்பு இருந்தது. அது சிதறிப்போதல். சாவு நேர்ந்த இடத்தை விட்டு விலகிப்போவது வேடர்களின் பழைய வழக்கம். செலிக்மன் தம்பதியர் உள்நாட்டு வேடர்களிடம் அதைப் பதிவு செய்தனர். இறந்தவர் கிடந்த குகையைக் கைவிட்டு வேறிடம் போவார்கள், நெடுநாள் திரும்பமாட்டார்கள். ஆவிக்கு அஞ்சிச் செய்தது இது. தொற்றைத் துண்டிக்கவும் இது ஓரளவு உதவியிருக்கும். ஆனால் இந்தக் காப்பு வேலை செய்ய, போவதற்கு வேறு காடும் வேறு கரையும் இருக்கவேண்டும். இக்கட்டுரை சொல்லும் வரலாற்றில் ஒரு பகுதி அந்த இடம் படிப்படியாகக் குறைந்த கதையே.

ஐரோப்பியக் கப்பல்கள் மட்டக்களப்புக்கு வந்த காலம் தெளிவானது. டச்சுத் தளபதி ஜோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் 1602 மே மாத இறுதியில் இங்கே நங்கூரமிட்டார். போர்த்துக்கேயர் 1628-இல் புளியந்தீவில் கோட்டை கட்டினர். பத்தே ஆண்டில், 1638 மே மாதம், கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் உதவியோடு டச்சுக்காரர் அதைக் கைப்பற்றினர். 1795-இல் ஆங்கிலேயர் வந்தனர். கோட்டை என்றால் படை. படை என்றால் பல நாட்டு ஆட்கள், ஒரே அறையில் நெருங்கிய படுக்கை, மாசுபட்ட கிணறு. கோட்டைக்கு விறகும் மரமும் மீனும் கொண்டுவந்து கொடுத்தவர்கள் சுற்றியிருந்த மக்கள்.

இந்தக் காலத்தின் அடையாளமாக ஒரு நோய் மக்கள் வாயில் நின்றுவிட்டது. அது பறங்கிப் புண். தமிழரும் சிங்களவரும் ஒரே பெயரால் அழைத்த இந்நோயைப் போர்த்துக்கேயரே கொண்டுவந்தனர் என்பது ஊர் நம்பிக்கை. நோய் அவர்களுக்கு முந்தியதாகவும் இருக்கக்கூடும். பெயரை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் யாரை நோயின் மூலமாக மக்கள் கண்டார்கள் என்பதைப் பெயர் சொல்லிவிடுகிறது. தோலில் முதலில் ஒரு கொப்புளம் எழும். அது உடைந்து முந்திரிப்பழம் போலச் சிவந்த புண்ணாகும். பிறகு உடம்பெங்கும் பரவும். உள்ளங்காலில் வந்தால் நடக்க முடியாது. கவனிக்காமல் விட்டால் எலும்பை அரித்து, மூக்கையும் அண்ணத்தையும் சிதைக்கும். உயிரை எடுப்பது அரிது. உழைப்பை எடுத்துவிடும். காட்டில் நடந்து தேன் எடுப்பவனுக்கும் வலை இழுப்பவனுக்கும் காலே மூலதனம். உள்ளங்காலில் பறங்கிப் புண் கண்ட குடும்பம் அந்தப் பருவம் முழுவதும் பட்டினிதான்.

தோல் தோலோடு உரசினால் இது பரவும். உடுதுணி குறைவாகவும் தண்ணீர் அரிதாகவும் இருக்கும் இடத்தில், ஒரே பாயில் படுக்கும் குழந்தைகளிடையே வேகமாகப் பரவும். அரசின் முதன்மைக் குடிசார் மருத்துவ அதிகாரியாக இருந்த டபிள்யூ. ஆர். கின்சி 1881-இல் இந்நோய் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டார். உலர்வலயக் கிராமங்களின் கெட்ட தண்ணீரையும் போதாத உணவையும் அவர் இந்நோயோடு சேர்த்துப் பேசினார். நோயை உண்டாக்கும் சுருள் வடிவக் கிருமியை 1905-இல் கொழும்பில் வைத்துக் கண்டுபிடித்தவர் இத்தாலியரான அல்டோ காஸ்டெல்லானி. முதலில் ஆர்சனிக் கலந்த ஊசியும், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெனிசிலினும் இந்நோயை இலங்கையிலிருந்து விரட்டின. ஒரே ஊசியில் ஆறும் புண்ணுக்காக முந்நூறு ஆண்டுகள் மக்கள் நொண்டியிருக்கிறார்கள்.

பெரியம்மையின் கதை இன்னும் நன்றாகப் பதிவானது. தீவின் கரையோரம் ஆங்கிலேயர் கைக்கு வந்த முதல் ஆண்டுகளிலேயே அது கரையோரப் பட்டினங்களைத் தாக்கியது. 1800-ஐ ஒட்டி ஆளுநர் பிரெடரிக் நோர்த் அம்மை நோயாளருக்கென மருத்துவமனைகளை ஏற்படுத்தினார். 1802 ஜூன் மாதம் பம்பாயில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்திக்கு வைக்கப்பட்ட பசு அம்மைப்பால், கைக்குக் கையாகக் கடத்தப்பட்டு அதே ஆண்டில் இலங்கையையும் எட்டியது. மருத்துவர் தோமஸ் கிறிஸ்டியின் மேற்பார்வையில் அம்மை குத்துதல் கரையோர மாவட்டங்களில் தொடங்கியது. 1819-இல் பெரியம்மை மறுபடியும் தீவெங்கும் பரவியது. 1886-இல் அம்மை குத்துதலைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. ஆனால் சட்டம் தெரு இருக்கும் இடம்வரைதான் போகும். அம்மைப்பால் வெயிலில் சில நாட்களில் வீரியம் இழந்துவிடும். அதைப் புதிதாக வைத்திருக்க ஒரு குழந்தையின் கையிலிருந்து இன்னொரு குழந்தையின் கைக்கு மாற்றிக்கொண்டே போகவேண்டும். மட்டக்களப்பு நகரிலும் வாவியின் கிழக்குப் பக்கமான எழுவான்கரையின் நெருக்கமான ஊர்களிலும் அது நடந்தது. பனிச்சங்கேணித் துறைக்கு வடக்கே, மழைக்காலத்தில் தோணியின்றிக் கடக்க முடியாத நீர்ப்பரப்புகளுக்கு அப்பால், இடம் மாறி மாறி வாழும் குடும்பங்களை அம்மைகுத்துபவர் தேடிப்போய்ச் சேர்வது வேறு காரியம். வந்தவரைக் கண்டு காட்டுக்குள் ஓடியவர்களையும் குறை சொல்ல முடியாது. அதுவரை அரசின் ஆள் நல்லதற்காக அப்பக்கம் வந்தது அரிது.

மருந்து எட்டாத இடத்தில் தெய்வம் இருந்தது. மட்டக்களப்பு முழுவதுமே அம்மை என்பது அம்மாளின் வருகை. செட்டிபாளையம், எருவில், மகிழூர், புதுக்குடியிருப்பு, தம்பிலுவில் என்று ஊர் ஊராகக் கண்ணகை அம்மன் கோயில்கள் உண்டு. வைகாசி மாதத்தில் கதவு திறந்து சடங்கு நடக்கும். அது குளிர்த்தியோடு நிறைவடையும். மதுரையை எரித்து வந்தவளின் உக்கிரம் தணிய, வேப்பிலையும் குளிர்ந்த நீரும் கொண்டு, குளிர்த்திப் பாடலைப் பூசாரியான கட்டாடியார் பாடுவார். அந்த நீர் கூடியிருப்போர் மீது தெளிக்கப்படும். கோடை வெயில் ஏறும் மாதமும் அம்மை பரவும் மாதமும் ஒன்றாக அமைவதைச் சடங்கின் காலக்கணக்கு அறிந்து வைத்திருந்தது. மழை பொய்த்தாலோ கொள்ளை நோய் கண்டாலோ ஊர் கூடிக் கொம்பு விளையாட்டு எடுப்பதும் உண்டு. ஊரார் வடசேரி, தென்சேரி என்று இரு பிரிவாகப் பிரிவார்கள். வளைந்த மரக்கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவிக் கயிறு கட்டி, ஏதேனும் ஒன்று முறியும்வரை இழுப்பார்கள். சிங்களவரும் பத்தினித் தெய்வத்துக்கு இதே விளையாட்டை நடத்தினர். நோய்க்கு மொழி வேறுபாடு இல்லாததால் பரிகாரத்துக்கும் அது இல்லாமல் போனது.

கரையோர வேடர் இந்த அம்மாளையும் கும்பிட்டார்கள். அதோடு தங்களுக்கேயுரிய ஒரு தெய்வத்தையும் வைத்திருந்தார்கள். களுவன்கேணியிலும் வாகரைப் பகுதியிலும் இன்றும் நடக்கும் வேடர் சடங்குகளில் குமார தெய்வத்தோடு கப்பல் தெய்வத்துக்கும் இடம் உண்டு. செலிக்மன் தம்பதியர் நூறாண்டுக்கு முன்பே கப்பலில் வந்த அந்நிய ஆவிகள் பற்றி இம்மக்கள் சொன்னதைக் கேட்டு எழுதினர். உள்நாட்டு வேடர் இறந்த தம் முன்னோரின் ஆவியைக் கும்பிட்டு வேட்டை கேட்டார்கள். கரையோர வேடரோ அதற்கு மேலாகக் கடல்வழி வந்தவர்களையும் அழைத்து அமைதிப்படுத்த வேண்டியிருந்தது. சடங்கின் நோக்கங்களில் நோய் நீங்குதல் முதன்மையானது. கட்டாடியார் தெய்வம் ஏறி ஆடி, நோயின் காரணத்தை வாக்காகச் சொல்வார். கோட்டையின் பதிவேடுகளில் இம்மக்களின் சாவு எழுதப்படவில்லை. ஆனால் துன்பம் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதை அவர்கள் தங்கள் சடங்கில் எழுதி வைத்துவிட்டார்கள். இக்கரையின் நோய் வரலாற்றுக்கு இதையும் ஒரு சான்றாகக் கொள்ளலாம்.

வாந்திபேதி புதிய நோய். 1817-இல் வங்காளத்தில் கிளம்பி ஆங்கிலப் படைகளோடும் கப்பல்களோடும் பரவிய பேதி, 1818-19-இல் இலங்கைக்குள் புகுந்தது. அதே ஆண்டுகளில்தான் ஊவா-வெல்லச கிளர்ச்சியை ஆங்கிலேயர் அடக்கினர். வயல்களையும் தானியத்தையும் எரித்து, கால்நடைகளை அழித்து, மட்டக்களப்பின் மேற்கெல்லையில் இருந்த காட்டுக் கிராமங்களை வெறுமையாக்கினர். பசியில் அலைந்த மக்களைத் தொடர்ந்து நோய் வந்தது. பிந்தனை, வெல்லசப் பகுதி வேடர்களின் இருப்பிடங்களும் அந்த அழிவின் நடுவேதான் இருந்தன.

பிறகு வந்த பேதிக்கு முக்கிய வழி இரண்டு. ஒன்று, தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு ஆட்களை நடத்திக் கொண்டுபோன வடபாதை. மன்னாரில் இறங்கி மாத்தளைவரை நடந்த தொழிலாளர் ஆயிரக்கணக்கில் அவ்வழியில் மாண்டார்கள். அந்தப் பாதை கிழக்குக் கரையைத் தொடவில்லை. மற்றது கிழக்கின் நடுவே ஓடியது. அது கதிர்காம யாத்திரைப் பாதை. வடக்கிலிருந்து வரும் அடியார்கள் வெருகல், சித்தாண்டி, மட்டக்களப்பு மாமாங்கம், மண்டூர், திருக்கோயில், பொத்துவில், உகந்தை வழியாக ஆடி உற்சவத்துக்கு நடந்து போவார்கள். சித்தாண்டிச் சித்திரவேலாயுத சுவாமி கோயில் அவர்கள் தங்கும் இடங்களில் ஒன்று. அதே பெயர் கொண்ட வெருகல் கோயிலோடு கரையோர வேடருக்கு வழிபாட்டு உரிமையும் உறவும் உண்டு. வள்ளியை மணந்த முருகன் அவர்களுக்கு மருமகன் முறை. ஆயிரக்கணக்கானோர் ஒரே ஆற்றில் குளித்து அதையே குடிக்கும் கதிர்காமத்தில் பேதி கண்டால், திரும்பும் வழி நெடுகிலும் கேணிகள் நஞ்சாகும். ஆங்கில அரசு 1870-களிலிருந்து யாத்திரையைக் கட்டுப்படுத்த முனைந்ததற்கு இதுவே காரணம். அனுமதிச் சீட்டு, எண்ணிக்கை வரம்பு, மருத்துவச் சோதனை என்று விதிகள் வந்தன. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெனாட் வுல்ஃப் இந்தக் கண்காணிப்பை நேரில் செய்தவர். தனிமைப்படுத்தலுக்கும் தொற்றுத் தடுப்புக்கும் நாடு தழுவிய சட்டம் 1897-இல் வந்தது. இன்றும் அதுவே அடிப்படைச் சட்டம்.

காய்ச்சலைத் தனியாகப் பேசவேண்டும். மலேரியா இத்தீவுக்குப் பழையது. ஆனால் அது யாரை எப்படித் தாக்கியது என்பதை மாற்றியவை மனிதர் செய்த குடியேற்றங்கள். 1840-களில் மட்டக்களப்புப் பகுதி வேடர்களை ஓரிடத்தில் நிலைநிறுத்த அரசும் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த ஸ்டொட் பாதிரியாரும் முயன்றதை டெனன்ட் பாராட்டி எழுதினார். குடிசை கட்டி, கிணறு வெட்டி, விதையும் தென்னங்கன்றும் கொடுத்து, பள்ளிக்கூடம் வைத்தார்கள். எண்ணம் கருணையானது. ஆனால் சிதறி வாழ்ந்தவர்களைக் கிணற்றைச் சுற்றி நெருக்கமாக வைத்தபோது, நோய்க்கு எதிராக அவர்களிடம் இருந்த அந்தப் பழைய காப்பு கைநழுவியது. ஓரிடத்தில் தங்குபவனை நுளம்பு தேடிவந்து திரும்பத் திரும்பக் கடிக்கும். ஒருவர் இரத்தத்தில் இருக்கும் கிருமியை அடுத்த குடிசைக்கும் கொண்டுபோகும்.

உலர்வலயத்தில் பிறந்து ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளைக்கு மலேரியாவைத் தாங்கும் பலம் ஓரளவு வந்துவிடும். தாண்டாத பிள்ளைகள் எத்தனை என்பதுதான் விலை. மண்ணீரல் வீங்கி வயிறு முன்தள்ளிய குழந்தைகள் அந்தக் காலத்து மட்டக்களப்புக் காட்டுக் கிராமங்களின் இயல்பான தோற்றம். 1934-35-இல் இலங்கையை உலுக்கிய பெரும் மலேரியா, மழை பொய்த்து ஆறுகள் குட்டைகளாகிய தென்மேற்கில்தான் மிகக் கொடியதாக இருந்தது. சுமார் 80,000 பேர் இறந்ததாகக் கணக்கிடப்படுகிறது. அந்த நோய்க்குப் பழகாத மக்கள் அங்கே இருந்தனர். பழகிப்போன கிழக்கில் ஒவ்வோர் ஆண்டும் குழந்தைகள் சத்தமின்றி இறந்துகொண்டிருந்தனர். அதை யாரும் கொள்ளை நோய் என்று அழைக்கவில்லை.

இந்தக் காய்ச்சல் இன்னொன்றும் செய்தது. வேடர் வாழ்ந்த காடுகளுக்கு அதுவே வேலியாக நின்றது. வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஓரிரு பருவத்தில் காய்ச்சலுக்கு அஞ்சி ஓடினார்கள். 1940-களின் நடுவில் டீ.டீ.ரீ. தெளிப்பு வந்தது. 1946-இல் ஆயிரத்துக்கு 20 ஆக இருந்த நாட்டின் இறப்பு வீதம் 1947-இல் 14 ஆக விழுந்தது. 1963-இல் நாடு முழுவதும் 17 மலேரியா நோயாளர்களே பதிவாயினர். மருத்துவ வரலாற்றில் இது பெரிய வெற்றி, ஐயமில்லை. ஆனால் வேலி விழுந்ததும் காடு திறந்துகொண்டது. 1949-இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. ஆற்றுப் பள்ளத்தாக்குகள் குடியேற்றங்களாயின. 1983-இல் மாதுரு ஓயா தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டபோது தம்பானைப் பகுதி வேடர் குடும்பங்கள் ஹெனானிகலவுக்கு இடம் மாற்றப்பட்டன. நோய் போன வழியிலேயே நிலமும் போனது.

கணக்கெடுப்புகளில் இதன் சுவடு குழப்பமாகத் தெரியும். 1911-இல் சுமார் 5,300 பேர் வேடராகக் கணக்கிடப்பட்டனர். 1946-இல் சுமார் 2,350 பேர். 1953-இல் அது ஆயிரத்துக்கும் கீழே போனது. இதை அந்தமானின் எண்களோடு பக்கத்தில் வைத்து, நோய் தின்றது என்று எழுதுவது எளிது. அது உண்மையாகாது. தமிழ் பேசிய கரையோர வேடர் தமிழராகவும், சிங்களம் பேசியோர் சிங்களவராகவும் பதியப்பட்டனர். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும்போது வேடர் என்று சொல்லத் தகப்பன் தயங்கினார். வாகரையிலும் மூதூரிலும் இன்று பல ஆயிரம் பேர் தங்களை வேடர் வழியினர் என்று சொல்கிறார்கள் என்பதே, அந்த எண்கள் மக்களின் சாவைவிடப் பெயரின் மறைவையே காட்டின என்பதற்குச் சான்று. அதே சமயம் பெயர் மறைந்ததால் நோயின் கணக்கும் மறைந்தது. தமிழர் என்று பதியப்பட்ட வேடர் குடியிருப்பின் குழந்தைச் சாவுகள் மாவட்டச் சராசரிக்குள் கரைந்துவிட்டன.

நோயை மறைத்தது கணக்கெடுப்பு மட்டும் அல்ல. தொழுநோய்க்கு 1901-இல் தனிச் சட்டம் வந்தது. மட்டக்களப்பு வாவியின் நடுவே உள்ள மாந்தீவில் தொழுநோயாளர் மருத்துவமனை அமைந்தது. வாவியால் சூழப்பட்ட அந்தத் தீவுக்குக் கிழக்கு மாகாணத்தின் பல ஊர்களிலிருந்தும் ஆட்கள் அனுப்பப்பட்டனர். குடும்பத்திலிருந்து ஒருவரை நிரந்தரமாகப் பிரித்து வைப்பது, நோயைவிடப் பெரிய தண்டனையாக மக்கள் மனதில் பதிந்தது. நோய்க்குறி கண்டவர்கள் மறைந்து வாழ அதுவே காரணமாயிற்று.

உள்நாட்டுப் போர்க்காலம் பழைய காய்ச்சலைத் திரும்பக் கொண்டுவந்தது. 1999-இல் இலங்கையில் 2,64,000-க்கும் மேற்பட்ட மலேரியா நோயாளர்கள் பதிவாயினர். அதில் பெரும்பகுதி வடக்கிலும் கிழக்கிலும். தெளிப்புக் குழுக்கள் போக முடியாத, இடம்பெயர்ந்தோர் மரத்தடியில் படுத்த பகுதிகள் அவை. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வாகரையையும் களுவன்கேணியையும் அடித்தது. முகாம்களில் பேதியும் சின்னமுத்தும் பரவும் என்று எல்லாரும் அஞ்சினர். கிணறுகளுக்குக் குளோரின் இட்டு, தடுப்பூசிப் பணியை விடாமல் நடத்திய பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களாலும் மருத்துவ மாதர்களாலும் பெரிய தொற்று எதுவும் எழவில்லை. அந்த உழைப்புக்குக் கிடைத்த பாராட்டு மிகக் குறைவு. 2006 இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் வாகரை மக்கள் மறுபடி பல்லாயிரமாக இடம்பெயர்ந்து முகாம்களுக்கு வந்தனர்.

அதே 2006-இன் பிற்பகுதியில் மட்டக்களப்புக்குப் புதிய நோயொன்று வந்தது. 2004-இல் கென்யக் கரையில் தொடங்கி, ரீயூனியன் தீவு வழியாக இந்து சமுத்திரத்தைச் சுற்றிய சிக்குன்குனியா அது. மூட்டு வீங்கி எழும்ப முடியாமல் ஊர் ஊராக மக்கள் படுத்தனர். கூலி வேலையும் தோணித் தொழிலும் மாதக்கணக்கில் நின்றன. பறங்கிப் புண் செய்ததை வேறு வடிவில் இது செய்தது.

மலேரியா இப்போது இல்லை. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 அக்டோபரில் பதிவானார். 2016 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடாகச் சான்றளித்தது. 2019-இல் சின்னமுத்தும் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆனால் 2016 இறுதியில் மன்னாரில் அதுவரை இலங்கையில் இல்லாத அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்னும் நுளம்பு இனம் கண்டறியப்பட்டது. இந்திய நகரங்களில் கிணற்றிலும் தொட்டியிலும் பெருகி மலேரியா பரப்புவது இதுவே. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் நுளம்பு நன்னீரில் மட்டுமே முட்டையிடும் என்ற எண்ணமும் மாறிவிட்டது. மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் நடத்திய ஆய்வு 2011-இல் வெளியானது. வாவிக் கரையில் கைவிட்ட தோணிகளில் தேங்கிய உவர்நீரிலும், பயன்படாத கிணறுகளிலும், சிரட்டையிலும் போத்தலிலும் அதன் புழுக்கள் உயிரோடு இருந்தன. ஆகவே சித்தாண்டி முதல் கதிரவெளி வரையிலான ஊர்களில் டெங்கு ஒழிப்புப் பணி வீட்டு முற்றத்தோடு நின்றுவிடலாகாது. தோணித்துறையில் கவிழ்த்து வைக்காமல் விட்ட பழைய வள்ளங்களையும் அது பார்க்கவேண்டும்.